கட்டிலுக்கடியில் ஒதுங்கும் நாய்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். பதினொரு மாதங்களுக்கு முன் ஒரு காப்பகத்திலிருந்து நாட்டுப் பெண் நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். செம்பி என்று பெயர் வைத்திருக்கிறோம். கட்டட வேலை நடந்த ஓரிடத்தில் பிறந்து, ஏழு மாதத்தில் வலை போட்டுப் பிடிக்கப்பட்டு, கருத்தடை செய்யப்பட்டு, பழைய இடத்தில் திரும்ப விட முடியாததால் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த நாய் அது. இப்போது ஒன்றரை வயதுக்கு மேல் ஆகிறது. என் கணவரின் பைக் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஓடி ஒளிகிறது. கயிற்றைக் கையில் எடுத்தால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. வாசலைத் தாண்டுவதில்லை. நான் கூப்பிட்டால்கூட வராது. நான் அதைக் கவனிக்காமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் தானாக வந்து இரண்டடி தள்ளிப் படுத்துக்கொள்ளும். ஐந்து வாரங்களுக்கு முன் என் பத்து வயது மகன் கட்டிலுக்கடியில் கைவிட்டு இழுத்தபோது அவன் கையில் பல் பட்டுக் கீறியது. சென்ற தீபாவளிக்கு இரண்டு நாள் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. நாய் பழக்கும் ஒருவர், கடைத்தெருவுக்குத் தினமும் இழுத்துச் சென்றால் தானாகப் பயம் தெளியும் என்கிறார்; பயப்படும்போது தடவிக் கொடுக்காதீர்கள், பயம் அதிகமாகும் என்றும் சொல்கிறார். என் மாமியார், குரைக்கக்கூடத் தெரியாத நாய் எதற்கு என்கிறார். யாரோ அடித்துத் துன்புறுத்தியதால்தான் இப்படி ஆகிவிட்டதா? இது மாறுமா? துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாக எழுதிய ஒரு வரிதான் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. நீங்கள் கூப்பிட்டால் வராத செம்பி, நீங்கள் கவனிக்காமல் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது தானாக வந்து இரண்டடி தள்ளிப் படுத்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மனிதர்கள் வேண்டாம் என்பதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. அருகில் வருவதா, எவ்வளவு அருகில் வருவதா, எப்போது எழுந்து போவதா என்பதைத் தானே தீர்மானிக்க முடிகிற வேளைகளில் அது உங்களைத் தேடி வருகிறது. அந்தத் தீர்மானம் வேறொருவர் கைக்குப் போகும் வேளைகளில், அதாவது யாராவது கூப்பிடும்போதோ குனியும்போதோ கயிற்றை எடுக்கும்போதோ, ஒளிந்துகொள்கிறது. நான் கீழே சொல்லப்போவது அனைத்தும் அந்த இரண்டடியை மற்ற வேளைகளுக்கும் மற்ற மனிதர்களுக்கும் எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பற்றியதுதான்.

யாரோ அடித்திருப்பார்கள் என்ற உங்கள் ஊகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அடித்திருக்கலாம். ஆனால் என்னிடம் வரும் மிரண்ட நாய்களைப் பார்த்து, இதை ஒருவர் அடித்திருக்கிறார் என்று முடிவு கட்டுவதை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டேன், ஏனெனில் ஒருவரும் கைநீட்டாமலேயே ஒரு நாய் இப்படி வளர முடியும். நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில்தான் உலகத்தில் எவையெல்லாம் அஞ்ச வேண்டாதவை என்ற பட்டியல் அதன் மூளையில் பதிகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள பார் ஹார்பரில் ஃபிரீட்மனும் அவருடைய உடனாய்வாளர்களும் செய்து 1961-இல் வெளியிட்ட ஆய்வில், வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பே இல்லாமல் குட்டிகள் வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வாரங்களில் சில குட்டிகள் மட்டும் ஒரு வாரத்துக்கு மனிதர்களோடு பழக விடப்பட்டன. ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களில் அப்படிப் பழகிய குட்டிகள் மனிதர்களை ஏற்றுக்கொண்டன. பதினான்காம் வாரம் வரை எவரையும் காணாத குட்டிகளோ, பிறகு எவ்வளவு கவனித்தும் காட்டு விலங்குகளைப் போலவே விலகி நின்றன. அவற்றை எவரும் அடிக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

செம்பி முற்றிலும் மனிதர்களைக் காணாமல் வளர்ந்ததல்ல. செங்கல் சுமப்பவர்களையும் கலவை எந்திரத்தையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டேதான் வளர்ந்திருக்கும். ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பதும் மடியில் கிடந்து வளர்வதும் ஒன்றல்ல. அதோடு பிறவிக்குணமும் சேர்கிறது. அச்சம் பரம்பரையாகவும் இறங்கும். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஆய்வுக்காகவே மிரளும் குணமுள்ள பாயிண்டர் வகை நாய்களைத் தேர்ந்து தேர்ந்து இணைசேர்த்து, மனிதரைக் கண்டால் உறைந்து நிற்கும் ஒரு பரம்பரையையே உண்டாக்கினார்கள். தெருவிலும் அதே போன்ற ஒரு நியாயம் இயங்குகிறது என்று சொல்லலாம்: லாரிக்கும் கல்லுக்கும் அஞ்சாத குட்டி நெடுநாள் பிழைப்பதில்லை. செம்பியின் தாயும் பாட்டியும் அஞ்சி விலகியதால்தான் செம்பி பிறந்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேல், ஏழாம் மாதத்தில் வலை, வண்டி, கூண்டு, அறுவை, அந்நியக் கைகள் என்று ஒரே வாரத்தில் நடந்தவை வந்து சேர்ந்தன. கருத்தடை அவசியமான பணி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கையில் கயிற்றைப் பார்த்ததும் அது சிறுநீர் கழிப்பதற்கான காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அடுத்து, மாறுமா என்ற கேள்வி. 1924-இல் நடந்த இரண்டு செய்திகளைச் சொல்கிறேன், இரண்டும் இந்தக் கேள்விக்கு உரியவை. அந்த ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம் வந்தபோது, ரஷ்ய உடலியல் ஆய்வாளர் பாவ்லவின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுகளுக்குள் ஏறிய நீரில் மூழ்கும் நிலைக்குப் போய் மீட்கப்பட்டன. அவற்றில் சில, மாதக்கணக்கில் கற்றிருந்ததை இழந்தன. கற்றதை மீண்டும் பெற்ற பிறகும், கதவிடுக்கின் வழியே கொஞ்சம் நீர் கசிந்து வந்தாலே பழைய கலக்கம் திரும்பியது. அதே ஆண்டில், நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்குச் சிகிச்சை அளித்ததைப் பற்றி எழுதினார். பீட்டர் தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது, அவனுடைய தீனியைக் கெடுக்காத தொலைவில் முயலைக் கூண்டோடு வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கச் செய்தார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். அச்சம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதையும், அதன் மேல் வேறொன்றை எப்படி எழுத முடியும் என்பதையும் ஒரே ஆண்டில் உலகம் கண்டது. செம்பி மாறும் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து உங்கள் வீட்டில் வளர்ந்த நாயைப் போல ஆகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

கடைத்தெரு யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். அதைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்ற கணக்கில் சொல்லியிருப்பார். அம்மிக்கு அச்சமில்லை, செம்பிக்கு இருக்கிறது. மேலமாசி வீதியின் நெரிசலுக்கு நடுவே இழுத்து நிறுத்தப்பட்ட நாய் முதல் நாள் துள்ளும், இரண்டாம் நாள் இழுக்கும், பத்தாம் நாள் அசையாமல் நிற்கும்; பார்த்தீர்களா, பழகிவிட்டது என்பார்கள். அது பழக்கமல்ல. 1967-இல் செலிக்மன், மையர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனைகளில், தாங்கள் என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சிக்கு ஆட்பட்ட நாய்கள், பிறகு ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற நிலையிலும் பெரும்பாலும் தாண்டாமல் அப்படியே கிடந்தன. முயன்று பயனில்லை என்று கற்ற உயிர் முயல்வதை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். அசையாமல் நிற்கும் நாயின் இதயம் எப்படி அடித்துக்கொள்கிறது என்பதை என் ஸ்டெதஸ்கோப்பில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அந்த நண்பர், நீங்கள்தான் தலைவர் என்று நாய்க்குக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கக்கூடும். இவ்விரு அறிவுரைகளும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். கூண்டுகளில் ஒன்றுசேர்த்து அடைத்த ஓநாய்களைப் பார்த்து 1940-களில் எழுதப்பட்டவற்றிலிருந்து கிளம்பிய கருத்து அது. அதைத் தம் எழுத்தால் பரப்பியவர்களுள் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் திருத்தி எழுதிவிட்டார். எப்படியாயினும் கட்டிலுக்கடியில் கிடக்கும் நாய் உங்கள் தலைமையை எதிர்க்கவில்லை.

இனி, செய்ய வேண்டியவை. முதலில் அந்தக் கட்டிலுக்கடி. அது செம்பிக்கு மட்டுமே உரிய இடம் என்று வீட்டில் சட்டமாக்குங்கள்; அங்கே கை நுழையக் கூடாது, துடைப்பம் நுழையக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. ஒரு பழைய போர்வையை விரித்து, இரண்டு பக்கமும் வெளியேற வழி இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரே வழியுள்ள மறைவிடம் பொறியாகிவிடுகிறது. மறைவிடத்தை அடைத்துவிட்டால் நாய் வெளியே வந்து பழகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஒளிய இடமுண்டு என்ற உறுதி உள்ள நாய்தான் வெளியே வந்து பார்க்கத் துணிகிறது.

உங்கள் மகனின் கையில் பட்ட கீறலும் இதைச் சேர்ந்ததே. ஓடவும் வழியில்லாமல், ஒளிந்த இடத்துக்குள்ளும் ஒரு கை வந்தபோது, நாயிடம் மிச்சமிருந்தது பல் ஒன்றுதான். அதற்காகச் செம்பியைத் தண்டிக்காதது நல்லது. கீறல் ஏற்பட்டு ஐந்து வாரங்களாகியும் நாய் நலமாக இருப்பதால், அந்த நிகழ்வைப் பொறுத்தவரை வெறிநோய் அச்சம் வேண்டாம்; எச்சிலில் வெறிநோய்க் கிருமி வெளியாகும் நிலையை அடைந்த நாய் பத்து நாளைத் தாண்டி நலமாக இருப்பதில்லை. ஆனால் இனி எப்போதாவது, எந்த நாயின் பல் பட்டாலும், கீறல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்; பத்து நாள் காத்திருந்து பார்க்கலாம் என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். செம்பிக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி தவறக் கூடாது. ஒன்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: இயல்பாகப் பழகிக்கொண்டிருந்த ஒரு நாய் ஓரிரு நாளில் திடீரென இருட்டைத் தேடி ஒளியத் தொடங்கினால் அதைக் கூச்சம் என்று எண்ணக் கூடாது, அது நோயின் அறிகுறியாக, வெறிநோயின் அறிகுறியாகவே கூட, இருக்கலாம். செம்பி முதல் நாளிலிருந்தே இப்படித்தான் என்பதால் இது அதற்குப் பொருந்தாது.

உங்கள் கணவரின் பங்குதான் இதில் மிகப் பெரியது, அதே சமயம் மிக எளியதும்கூட. செம்பியைத் தம்மிடம் வரவழைக்கும் எல்லா முயற்சிகளையும் அவர் நிறுத்த வேண்டும். கூப்பிட வேண்டாம், கண்ணோடு கண் பார்க்க வேண்டாம், கையில் பிஸ்கட்டை வைத்து நீட்டவும் வேண்டாம். கையில் வைத்து நீட்டுவது அன்பான செயல்போலத் தோன்றினாலும், பசி ஒரு பக்கமும் அச்சம் ஒரு பக்கமும் இழுக்கும் நாயை, அது தாங்கக்கூடிய தூரத்தைவிட நெருக்கமாக இழுத்துவிடுகிறது. தின்று முடித்த கணத்தில்தான், தான் எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்று அது உணர்கிறது. அந்தக் கணத்தில் அது கடித்துவிடவும் கூடும். அதற்குப் பதில், உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, அவர் பக்கவாட்டாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டே, அவ்வப்போது ஒரு துண்டைச் செம்பிக்குப் பின்புறம், அதாவது தம்மிடமிருந்து இன்னும் தள்ளி விழுமாறு எறியட்டும். துண்டை எடுக்க அது விலகிப் போகும். விலகுவதற்கே பரிசு கிடைப்பதால் அதன் பதற்றம் குறையும். பிறகு இன்னொன்று வருமா என்று தானாகத் திரும்பி ஓர் அடி முன்னே வரும். அந்த ஓர் அடிக்கு அவர் மகிழ்ந்து திரும்பிப் பார்த்துவிடாமல் இருப்பதுதான் கடினம்.

இதில் முறை மாறக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். முதலில் பைக் சத்தம், அதன் பிறகு ஈரல். முதலில் அவர் நிலைவாசலில் தெரிய வேண்டும், பிறகு துண்டு விழ வேண்டும். நீங்கள் அவசரத்தில் அவர் வருவதற்கு முன்பே ஈரலைக் காட்டி நாயை வெளியே அழைத்து, அதன் பிறகு அவர் உள்ளே நுழைந்தால், இதோ அவர் வரப்போகிறார் என்பதற்கான எச்சரிக்கையாக ஈரலையே அது கற்றுக்கொள்ளும். பிறகு ஈரலைக் கண்டாலும் ஓடும். இந்த ஒரு பிழையால், சரியாகச் செய்தும் பயனில்லை என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர். மேலும், அந்த ஈரல் வேறெந்த வேளையிலும் கிடைக்கக் கூடாது. கணவரோடு மட்டும் சேர்ந்து வரும் பொருளாக அது இருக்கட்டும். வெங்காயம் சேர்த்த குழம்பில் கிடந்த கறித்துண்டு வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

தூரம் சரியாக இருக்கிறதா என்பதற்குத் தீனியே அளவுகோல். பிடித்த ஈரலை மென்மையாக எடுத்துத் தின்றால் தூரம் சரி. வெடுக்கென்று கவ்வி ஓடினால் எல்லைக்கோட்டில் இருக்கிறது. மோந்துகூடப் பார்க்காவிட்டால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், அன்றைக்குப் போதும். உடலும் பேசும். வாலை இடுக்குவதையும் நடுங்குவதையும் எல்லோரும் கவனிக்கிறார்கள். அதற்கு முன்னால் வரும் சிறு குறிப்புகளைத்தான் தவறவிடுகிறோம். தீனி எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கிக்கொள்வது, தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளைவிழி தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது, முன்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்பது ஆகிய எல்லாம், போதும், இதற்கு மேல் வராதீர்கள் என்பதற்கான நாயின் சொற்கள். நாய்க்கு வேர்ப்பது பாதங்களில்தான் என்பதால், உங்கள் வீட்டின் மொசைக் தரையில் ஈரக்கால் தடங்கள் விழுந்திருந்தால் அதையும் கவனியுங்கள். உறுமினால் அதட்ட வேண்டாம். உறுமல் எச்சரிக்கை, எச்சரிக்கையை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

ஒரே நாளில் பல சிறு அதிர்ச்சிகள் சேர்ந்தால் நேற்றுத் தாங்கியதை இன்று தாங்காது என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் குப்பை வண்டியின் பாட்டு, பத்து மணிக்கு சிலிண்டர் உருளும் சத்தம், அப்புறம் குக்கர் விசில், மாலையில் விருந்தினர் என்று அடுக்கிக்கொண்டே போனால், இரவு உங்கள் கணவர் இருமியதற்கே அது பாய்ந்து ஓடலாம். அன்று பயிற்சியை விட்டுவிடுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு, எத்தனை அடி தூரத்தில் தின்றது என்று மட்டும் எழுதி வாருங்கள். நாளுக்கு நாள் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டால் ஏற்றம் தெரியும்.

தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்பது தவறான கருத்து. அச்சம் என்பது நாய் செய்யும் ஒரு செயல் அல்ல, பரிசு கொடுத்து அதைக் கூட்டுவதற்கு. அது ஓர் உணர்ச்சி. இடி இடிக்கும்போது உங்கள் மடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் நாயைத் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒளிந்திருக்கும் நாயை ஆறுதல் சொல்ல வெளியே இழுக்கக் கூடாது. ஆறுதலைக் கேட்டு வர வேண்டியது அதுதான். தொடும்போது தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், நெஞ்சின் பக்கவாட்டில் மூன்று விநாடி மட்டும் மெதுவாகத் தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மீண்டும் வந்து சாய்ந்தால் தொடருங்கள், அசையாமல் நின்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகனுக்கு இந்த மூன்று விநாடிக் கணக்கை ஒரு விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கலாம். குழந்தைகள் இதைப் பெரியவர்களைவிட ஒழுங்காகப் பின்பற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சிறுநீர் கழிப்பதும் பழக்கக்கேடு அல்ல. மிரண்ட நாய், நான் உனக்கு எதிரியல்ல என்று சொல்லும் முறைகளுள் ஒன்று அது. அதட்டினால் இன்னும் அதிகமாகச் சொல்லும். பேசாமல் அப்பால் போய்விட்டு, பிறகு வந்து துடையுங்கள். கயிற்றைப் பொறுத்தவரை, இன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு அதை நாயின் மேல் மாட்ட வேண்டியதில்லை. சோற்றுத் தட்டிலிருந்து நாலடி தள்ளித் தரையில் கிடக்கட்டும், கிடந்த இடத்திலேயே நாள்தோறும் கிடக்கட்டும்; சாப்பிடும் வேளையில் அதைப் பொருட்படுத்தாத நிலை வந்தபின் தட்டுக்கு அருகே, அதன்பின் உங்கள் கையில், அதன்பின் அதன் முதுகின் மேல் ஒரு கணம். கழுத்துப்பட்டையை நம்பி மிரளும் நாயை வெளியே கொண்டுபோகாதீர்கள். பின்னோக்கி ஒரு இழு இழுத்தால் நாட்டு நாயின் ஒடுங்கிய தலை பட்டையிலிருந்து உருவி வந்துவிடும், அப்படி ஓடிய நாய் உங்கள் குரலுக்கும் நிற்காது. நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி இறுக்கமாகப் பொருந்தும் ஹார்னஸ் ஒன்றும், கழுத்துப்பட்டை ஒன்றும் அணிவித்து, இரண்டிலும் கயிறு இருக்க வேண்டும். பட்டையில் உங்கள் கைப்பேசி எண் இருக்க வேண்டும். அதுவரை மொட்டை மாடியே அதன் தெருவாக இருக்கட்டும், கைப்பிடிச்சுவரின் உயரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு விடிகாலை ஐந்து மணிக்கு, பால் வண்டிக்கும் முந்தி, வாசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள். தெருக்கோடி வரை போவது அடுத்த ஆண்டுக்கான வேலையாகவும் இருக்கலாம்; அதில் குறைவொன்றுமில்லை.

இவற்றோடு, ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் தேவை. வலியுள்ள நாய் சத்தத்துக்குக் கூடுதலாக மிரளும். இடுப்பு மூட்டிலோ முதுகிலோ வலி இருந்து, திடுக்கிட்டு உடல் இறுகும்போதெல்லாம் அந்த வலி கூடினால், சத்தமும் வலியும் சேர்ந்தே மனத்தில் பதிந்துவிடும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையையும் விட்டுவிட முடியாது. உங்கள் மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்க்க இசைந்தால் நல்லது. இல்லாவிட்டால், கைப்பேசியில் செம்பியின் அன்றாட நடத்தையைப் பல துணுக்குகளாகப் படம்பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஏனெனில் மேசையின் மேல் உறைந்து நிற்கும் நாயைப் பார்த்து எந்த மருத்துவராலும் அதன் வீட்டு வாழ்க்கையை அறிய முடியாது. இரண்டு மூன்று மாதத்தில் நோட்டில் ஒரு ஏற்றமும் தெரியாவிட்டால் மருந்தைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் நாயை மயக்கி வைப்பதற்காகத் தரப்படுபவை அல்ல. கற்றுக்கொள்ளக்கூடிய அளவுக்கு அச்சத்தைத் தணிப்பதற்காகத் தரப்படுபவை, அவற்றின் பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மருந்து தருவது தோல்வி என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. பதினொரு மாதமாகக் கட்டிலுக்கடியில் வாழும் ஓர் உயிரின் முன் அந்த எண்ணத்துக்கு நான் மதிப்பளிப்பதில்லை.

தீபாவளிக்கு அந்த மாத்திரை மட்டும் போதாது. அந்த ஓரிரு நாளுக்கென்றே விரைவில் வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றைப் பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டு, ஓர் அமைதியான நாளில் ஒருமுறை கொடுத்து அளவு சரியா என்று பார்த்துவிட வேண்டும். தூங்க வைத்தால் போதும் என்று அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்தை மட்டும் தருவதை நான் ஏற்பதில்லை. அது உடலைத்தான் தளர்த்தும், அச்சத்தை அல்ல, நாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே எழுந்து ஓட முடியாமல் கிடக்கும். வீட்டு மனிதர்களின் தூக்க மாத்திரையைப் பிட்டுக் கொடுப்பதைப் பற்றி நான் எழுதவே வேண்டாம் என்று நம்புகிறேன். சென்ற ஆண்டு செம்பி குளியலறையைத் தேர்ந்தது அறிவுள்ள செயல். சன்னல் சிறியது, சுவர் நான்கும் நெருக்கம், வீட்டின் உட்புறம். இந்த ஆண்டு அதையே முன்கூட்டி ஒழுங்குபடுத்துங்கள்: தரையில் தடித்த போர்வை, தண்ணீர், சன்னலுக்கு ஒரு பழைய மெத்தை, வெளியே மின்விசிறி வேகமாக ஓடும் இரைச்சல். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அரசு குறித்துள்ள நேரம் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு. நடைமுறை அப்படியே இருக்காது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே முதல் நாள் மாலையிலிருந்தே வெளிக்கதவுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பலகாரத் தட்டோடு யார் வந்தாலும், உள்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெளிக்கதவு திறக்கப்பட வேண்டும். நாய்கள் காணாமற்போவது இந்த இரண்டு நாளில்தான் அதிகம்.

இன்னொரு நாயை இப்போது வாங்காதீர்கள். மனிதரிடம் அமைதியாகப் பழகும் ஒரு நாயைப் பார்த்து மிரளும் நாய் துணிவு பெறுவது உண்மைதான், ஆனால் வரும் நாய் எப்படிப்பட்டது என்பது வந்த பின்தான் தெரியும். இரண்டு நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிலுக்கடியில் நுழையும் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தெருவிலோ உறவிலோ நிதானமான, வயதான நாய் ஒன்று இருந்தால், வாரம் ஒருமுறை மொட்டை மாடிக்கு அழைத்து வரச் சொல்லிப் பாருங்கள். அது உங்கள் கணவரின் கையிலிருந்து ஈரல் வாங்கித் தின்பதைச் செம்பி பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தால் இப்போதைக்கு அதுவே போதும்.

உங்கள் மாமியாரின் குறைக்கும் ஒரு வார்த்தை. தெருவில் வளர்ந்த நாய்க்குக் குரைக்கத் தெரியாமல் இருக்காது. தான் இருக்குமிடம் தெரியக் கூடாது என்று எண்ணும் நாய் குரைப்பதில்லை. காய் நறுக்கும்போது அருகே வந்து படுப்பது, பிறகு உங்கள் கணவர் சட்டை மாற்றும்போது கூடத்தைக் கடந்து போவது என்று ஒவ்வொன்றாக வந்து, என்றைக்காவது ஒரு காலையில் பால்காரரைப் பார்த்து ஒரு குரை குரைக்கும். அன்று உங்கள் மாமியார் அதை அதட்டிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.